சூட்டக்கா

“குளிருது” என்று அவர் முன்னால் யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். கோபம் இருக்காது. “குளிர் எங்கிருந்தும் வராதுங்க. உங்ககிட்ட இருக்கற சூடு வெளிய போவுது. அவ்ளோதான்” என்பார். சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்.

கேட்பவர் யாராக இருந்தாலும் இதுதான். மூட்டை தூக்குகிறவர், லாரி ஓட்டி வந்தவர், சேலத்து வியாபாரி என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் கைகளைத் தேய்த்துக்கொண்டே, “உள்ள செம கூலிங்மா” என்றார். அவரிடமும் சொன்னார். அதிகாரி டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மூட்டை தூக்குகிறவர்கள்தான் அவருக்குச் சூட்டக்கா என்று பேர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அப்புறம் அவர் காதுக்கும் போய், அந்தப் பேருக்கு அவரே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். உண்மைப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதையும் எழுதப்போவதில்லை.

கம்பைநல்லூர் போகும் சாலையில் இருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில் நான் எடை மேடை பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியை எடை போட்டு, எந்த அறைக்கு மூட்டை போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவது என் வேலை. வருவதெல்லாம் புளி. சித்தேரி மலையிலிருந்தும் பென்னாகரம் பக்கத்திலிருந்தும் கொட்டை எடுத்த புளி வந்து இறங்கும். வெளியே வைத்தால் ஒரு கோடையிலேயே கறுத்துப் பிசுபிசுத்துவிடும். உள்ளே வைத்தால் அடுத்த வருஷமும் சிவப்பு மாறாது.

கிடங்கு அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தம். அண்ணனை நாங்கள் பெரிய முதலாளி என்போம். அங்கே எல்லாம் அவர் சொல்தான். தம்பி பெங்களூரில் விற்பனையைப் பார்த்துக்கொண்டு எப்போதாவது வந்து போவார். சூட்டக்கா அந்தத் தம்பியின் மனைவி. பிறந்த ஊர் பென்னாகரம். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்தவர். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளில் ஆபீஸில் கணக்குப் பார்த்த பெரியவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். “வூட்டுல சும்மாதான இருக்குது, வந்து பாக்கட்டும்” என்று பெரிய முதலாளி இவரை அழைத்து வந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

வயதில் நான் நன்றாகவே மூத்தவள் என்பதால் அவர் என்னை அக்கா என்பார். முதலாளி வீட்டுப் பெண் என்பதால் நானும் அவரை அக்கா என்பேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அக்கா என்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டு லாரிக்காரர்கள் சிரிப்பார்கள்.

வந்த புதிதில் ஒருநாள், மூட்டை தூக்குகிற ஒருவர், அறைக்குள் இருக்கும் இரும்புப் படியில் கால் வைக்க முடியவில்லை, மரப்பலகை பரவாயில்லை, இரும்புதான் அதிகக் குளிர்ச்சி என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். சூட்டக்கா எழுந்து உள்ளே போனார். இரும்பின் மேல் ஒரு தெர்மாமீட்டர், பலகையின் மேல் ஒரு தெர்மாமீட்டர் வைத்தார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டும் ஒரே அளவு.

“இரும்பு உங்க கால் சூட்டை வேகமா வாங்கிக்குது. பலகை மெதுவா வாங்கிக்குது. உங்க காலுக்குத் தெரியறது இரும்போட குளிர் இல்லீங்க. உங்க சூடு போற வேகம்.”

“அப்ப இரும்பு அவசரக்காரத் திருடன், பலகை நிதானமான திருடன்னு சொல்லுங்க” என்றார் அந்த ஆள்.

சூட்டக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

என்னையும் ஒருநாள் கிடங்கின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒரு கோபுரம் மாதிரிக் கட்டி மேலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரில் கை வைக்கச் சொன்னார். வெதுவெதுவென்று இருந்தது. “இது என்ன சூடுன்னு நெனைக்கறீங்க? உள்ள இருக்கற புளியோட சூடு. மெஷின் குளிரைச் செய்யறதில்லக்கா. உள்ள இருக்கற சூட்டை அள்ளிட்டு வந்து இங்க கொட்டுது.” அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை, நகைக்கடைக்குப் போய்வந்த பெண்கள் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

எதையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். சுவர், குழாய், வெயிலில் நிற்கும் லாரிக் கதவு, டீ டம்ளர் எல்லாவற்றையும் தொடுவார். மனிதர்களையும்தான். ஒரு மார்கழிக் காலையில் நான் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். என் கழுத்தில் புறங்கையை வைத்தார்.

“அக்கா, வூட்டுக்குக் கெளம்புங்க. காய்ச்சல்.”

“இல்லீங்கக்கா, சும்மா குளிர்தான்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ஒடம்பு இன்னும் சூடு வேணும்னு முடிவு பண்ணிருச்சு. அது சேர்ற வரைக்கும் பத்தல பத்தலன்னு நடுங்கும். அதத்தான் நீங்க குளிர்னு சொல்றீங்க” என்றார். விளக்கிக்கொண்டே தன்னுடைய காரைக் கூப்பிட்டு என்னை ஏற்றி அனுப்பினார். எங்கள் ஊர்ப் பாதை மோசம். கார் திரும்பி வர நேரமாகிவிட்டது. அன்று அவர் வீட்டுக்குத் தாமதமாகப் போனார் என்றும், மாமியார் வாசலிலேயே நின்று, “எங்க போயிட்டு வர்ற?” என்று கேட்டார் என்றும், பெங்களூரிலிருந்து கணவர் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்டார் என்றும் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சூட்டக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் கவனிக்கத் தொடங்கினேன். காலையில் அந்தக் கார் அவரைக் கொண்டுவந்து விடும். சாயந்திரம் அதே கார் வந்து அழைத்துப் போகும். மத்தியானச் சாப்பாடு வீட்டிலிருந்து கேரியரில் வரும். எதிரில் இருக்கும் பெட்டிக்கடைக்கு அவர் நடந்து போய் நான் பார்த்ததில்லை. சம்பளம் என்ற பேச்சே கிடையாது. வீட்டுப் பெண்ணுக்கு எதற்குச் சம்பளம்? யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. கழுத்திலும் கையிலும் நகை இருந்தது. வீட்டில் அவர் அறைக்கு மட்டும் தனி ஏசி போட்டிருந்தார்கள்.

அவர் படித்த கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை கூப்பிட்டாராம். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இடம் இருக்கிறது, சேர்ந்து மேலே படிக்கலாம் என்றாராம். வீட்டில் கேட்டிருக்கிறார். கணவர் யோசிக்கலாம் என்றார். மாமியார், “உனக்கு இங்க என்ன கொறச்சல்?” என்று கேட்டிருக்கிறார்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“ஒன்னும் சொல்லல. அவங்க கேட்டதுல தப்பில்லக்கா. கொறச்சல்னு எடுத்துக் காட்டறதுக்கு ஒரு பொருள் இருந்தாத்தான காட்ட முடியும்? இருக்கறது போயிட்டே இருக்கு, அவ்ளோதான். அத எப்படிக் காட்டறது?”

எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

அவரை நினைத்து நான் பயந்த நாளும் ஒன்று உண்டு. ஒரு பார்ட்டியின் மூட்டையைச் சரிபார்க்க மூன்றாம் அறைக்குள் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பலகையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர் மடியில் இருந்தது. உதடு வெளுத்துப் போயிருந்தது.

“அக்கா! என்ன பண்றீங்க இங்க?”

“நடுக்கம் எப்ப ஆரம்பிக்குதுன்னு பாக்கறேன். ஆரம்பிச்சிருச்சு, பாருங்க.” கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் தன்னால் ஆடிக்கொண்டிருந்தன. “நான் எதுவும் பண்ணல. ஒடம்பு தானா அடுப்பு மூட்டுது. என்கிட்ட கேக்கவே இல்ல, பாத்தீங்களா?”

நான் அவர் தோளில் ஸ்வெட்டரைப் போட்டு இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் நிற்க வைத்துச் சூடாக டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் பேசினார். சூட்டுக்கு மேல் எல்லையே கிடையாதாம், எவ்வளவு வேண்டுமானாலும் ஏறிக்கொண்டே போகுமாம். கீழே மட்டும் ஒரு தரை இருக்கிறதாம். சுழியத்துக்குக் கீழே இருநூற்று எழுபத்து மூன்று டிகிரி. அதற்குக் கீழே போக இடமில்லை.

“அந்தத் தரைய யாராலயும் தொட முடியாதுக்கா. எவ்ளோ பெரிய மெஷின் வெச்சாலும் கிட்டத்துல போலாம், தொட முடியாது. எந்தப் பொருள்ல இருந்தும் மொத்தத்தையும் எடுத்துட முடியாது. கொஞ்சம் மிச்சம் இருந்துட்டேதான் இருக்கும்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. டீ ஆறிவிடும் முன் குடித்து முடித்தார்.

அந்தப் பங்குனியில் ஊரில் மாரியம்மன் பண்டிகை. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். டிரைவருக்கும் லீவு. கிடங்கில் மெஷின் ஆபரேட்டர் மட்டும் இருந்தார். மெஷின்களை நிறுத்த முடியாது. மத்தியானம் பெரிய முதலாளி தன் காரிலேயே சூட்டக்காவை அழைத்துக்கொண்டு வந்தார். எனக்கும் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். ஒரு வியாபாரியின் மூட்டைகள் உள்ளே ஈரம் கட்டுவதாகப் புகார்.

நாங்கள் மூவரும் மூன்றாம் அறைக்குள் போனோம். முதலாளி வெயிலில் நின்றுவிட்டு வந்தவர், சட்டை முழுக்க வேர்வை. மூட்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே, “ஏம்மா, கதவச் சாத்தும்மா, குளிரெல்லாம் வெளிய போவுது” என்றார்.

“குளிர் போகலீங்க மாமா. வெளிக்காத்து உள்ள வருது. அதுல இருக்கற தண்ணிதான் மூட்டை மேல எறங்குது. இந்தக் கதவு சரியா சேர்றதில்ல, அதான் ஈரம்.”

“சரி சரி, என்னமோ ஒன்னு” என்று அவரே போய்க் கதவை ஓங்கி இழுத்துச் சாத்தினார். அன்றைக்குப் பார்த்து அது சரியாகச் சேர்ந்தது.

உள்ளிருந்து திறக்கிற கைப்பிடி ஆடுகிறது என்று சூட்டக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தார். சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்று முதலாளி தள்ளிப்போட்டிருந்தார். வேலை முடிந்து கிளம்பும்போது நான் அதைத் திருகினேன். கையோடு வந்துவிட்டது.

முதலில் முதலாளி என்னைத் திட்டினார். பிறகு கதவை இடித்தார். அரைச் சாண் கனமுள்ள கதவு. இடிக்கிற சத்தம் எங்களுக்கே மந்தமாகத்தான் கேட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. அவர் கத்தினார், உதைத்தார், தோளால் முட்டினார். களைத்துப் போய்த் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.

“மாமா, எந்திரிங்க. தரையில உக்காராதீங்க” என்றார் சூட்டக்கா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று உயர்ந்தது. “சாக்கு மேல வாங்க. ஈரச் சட்டையக் கழட்டுங்க.”

“என்னம்மா பேசற நீ?”

“ஈரம் ஒடம்புல இருக்கற சூட்டை உருவிடும். உங்களுக்குச் சக்கரை வேற இருக்கு. கழட்டுங்க மாமா.”

தம்பி மனைவி முன்னால் அவர் தோளில் கிடக்கும் துண்டைக்கூட எடுத்து நான் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சட்டையைக் கழற்றினார். காலிச் சாக்குகளை உதறி அவரைச் சுற்றிப் போர்த்தினோம். மேலே காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. அந்தக் காற்று படாத மூலைக்கு அவரை நகர்த்தினோம். எங்களை யாராவது தேட ஆரம்பிக்க ராத்திரியாகிவிடும். கார் வாசலில் நிற்பதால் ஆபரேட்டர் நாங்கள் ஆபீஸில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

அப்போது விளக்கு அணைந்தது.

காற்றாடி நிற்கவில்லை, விளக்கு மட்டும்தான். சுவிட்ச் வெளியே, கதவை ஒட்டினாற்போல் இருக்கிறது. யாரோ அதை அணைத்திருக்கிறார்கள். அந்த ஆள் எங்களுக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றுவிட்டுப் போயிருக்கிறார். நான் கதவுக்கு ஓடி இடித்தேன். “அண்ணே! அண்ணே!” என்று கத்தினேன். இருட்டில் முதலாளி அழுகிற சத்தம் கேட்டது. “எம் பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம்” என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

“ஆபரேட்டர்தான். லைட்ட மறந்துட்டுப் போயிட்டோம்னு அணைச்சிருக்கார்” என்றார் சூட்டக்கா. “அப்ப ரவுண்ட்ஸ் வந்திருக்கார். இப்ப மெஷின் ரூமுக்குப் போவார்.” அப்புறம் செல்போன் வெளிச்சம் சுவரில் ஏறி எதையோ தேடியது. உயரத்தில் ஒரு வயர் தொங்கியது. அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குமிழ். அறையின் சூட்டை அளந்து மெஷின் ரூமில் இருக்கும் பலகையில் சிவப்பு எண்ணாகக் காட்டுவது அதுதான்.

“அத சூடாக்கினா அங்க நம்பர் ஏறும். கதவு சரியா சேரலன்னு நெனச்சு அவர் தொறந்து சாத்த வருவார்.”

“எதக் கொண்டு சூடாக்கறது? நெருப்பு இருக்கா?” என்றார் முதலாளி.

“நாம இருக்கம்ல மாமா.”

மூட்டைகளை இழுத்து அடுக்கினோம். ஏறப்போன சூட்டக்கா நின்று எங்கள் பக்கம் திரும்பினார். “ஒன்னு சொல்லிடறேன். அறை சூடாயிருச்சுன்னு மெஷினும் நெனைக்கும். இன்னும் வேகமா ஓடும். இப்ப இருக்கறதவிட வேகமா நம்ம சூட்டை இழுக்கும். அவர் வர்றதுக்குள்ள நமக்கு முடியாமப் போனாலும் போலாம். சும்மா சாக்கப் போத்திட்டு உக்காந்திருந்தா ராத்திரி வரைக்கும் தாக்குப் பிடிக்கலாம். என்ன பண்ணட்டும்?”

முதலாளி சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான்தான், “ஏறுங்கக்கா” என்றேன்.

அவர் ஏறினார். வயர் நீளம் பத்தவில்லை. குதிகாலை உயர்த்தி, தலையைச் சாய்த்து, அந்தக் குமிழைத் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் காற்றாடியின் சத்தம் கூடியது. அவர் சொன்னது போலவே நடந்தது. காற்று முகத்தில் அறைந்தது. அவர் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கீழே எனக்குக் கேட்டது. கால் தடுமாறியபோது நான் ஏறி வாங்கிக்கொண்டேன். என் கழுத்திலிருந்த சூட்டை அந்த விரலளவு இரும்பு உறிஞ்சுவது எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மறுபடி அவர் ஏறினார். மறுபடி நான். யாரும் வரவில்லை.

எங்கள் இருவர் உடம்பும் ஆறிவிட்டது. குமிழை வைத்தாலும் பிரயோசனமில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“மாமா, நீங்க வாங்க.”

“என்னால முடியாதும்மா.”

“உங்க ஒடம்பு பெருசு. நீங்க போத்திட்டு வேற இருந்தீங்க. எங்க ரெண்டு பேரவிட உங்ககிட்டதான் சூடு இருக்கு. வாங்க.”

இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை ஏற்றினோம். வெற்றுடம்பில் சாக்கோடு அவர் நின்றார். அவர் உயரத்துக்கு வயர் அக்குள் வரைக்கும் எட்டியது. சூட்டக்கா குமிழை அங்கே வைத்து, அவர் கையை மடக்கி, தன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். முதலாளி குழந்தை மாதிரித் தேம்பினார். “நான் சரி பண்ணியிருக்கணும்மா. அந்தக் கைப்பிடிய நான் சரி பண்ணியிருக்கணும்” என்றார். “அசையாதீங்க மாமா” என்றார் சூட்டக்கா.

கதவு திறந்தது. வெளிச்சத்தோடு ஆபரேட்டரின் குரலும் உள்ளே வந்தது. “எவன்டா அது கதவ ஒழுங்கா சாத்தாமப் போனது…” என்று ஆரம்பித்தவர், மூட்டைகளின் மேல் சாக்குப் போர்த்தி நின்ற முதலாளியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

வெளியே வந்து வெயில்பட்ட சிமெண்டுத் தரையில் மூன்று பேரும் படுத்துக்கொண்டோம். சூட்டக்கா குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கைப்பிடியை மறுநாளே சரி செய்தார்கள். அறைக்கொரு அபாய மணி வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆபீஸ் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். இனிமேல் வீட்டுப் பெண்கள் கிடங்குப் பக்கமே போகக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாராம். “அவளுக்கு ஒன்னு ஆயிருந்தா அவங்க அப்பனுக்கு யாரு பதில் சொல்றது?” பெங்களூரிலிருந்து கணவரும் அதுதான் சரி என்றாராம். பெரிய முதலாளி அந்தப் பேச்சு நடந்தபோது அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை என்று டிரைவர் சொன்னார்.

முதலாளி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தச் சாக்கில் அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். காபி கொடுத்து, “மாடியில இருக்கா, போய்ப் பாரு. யார்கிட்டயும் பேசறதே இல்ல” என்றார். அறை முழுக்க ஏசி. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரைப் பழையபடி பேச வைக்க வேண்டும் என்று நான் வேண்டுமென்றே, “என்னக்கா, இவ்ளோ குளிரா இருக்குது இங்க” என்றேன்.

அவர் ரிமோட்டை எடுத்து ஏசியைக் குறைத்தார். “இப்ப பரவாயில்லையா?” என்று கேட்டார்.

அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, அந்தச் சென்னை இடம் இன்னும் இருக்குதா?”

“கேக்கல.”

“கேளுங்க.”

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆனி மாதம் ஒருநாள் அவரிடமிருந்து போன் வந்தது. “பொம்மிடிக்கு எந்த பஸ் போவும்க்கா?” என்று கேட்டார். சென்னை ரயில் அங்கே நிற்கும்; தருமபுரி ஸ்டேஷனில் என்றால் அவர் வீட்டைத் தெரியாதவர் கிடையாது. எதற்கென்று நான் கேட்கவில்லை. எடை மேடையை ஆபரேட்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கழுத்தில் தாலிக்கொடி மட்டும்தான் இருந்தது. மடியில் ஒரு பை. மற்ற நகைகளைக் கட்டில் மேல் எடுத்து வைத்துவிட்டு, எங்கே போகிறேன் என்று கணவருக்கு போனில் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். “என்ன சொன்னார்?” என்றேன். “நான் வர்ற வரைக்கும் வூட்ட விட்டு எறங்காதன்னார். எறங்கிட்டேன்னேன்.”

பொம்மிடி ஸ்டேஷனில் கூட்டம் இல்லை. ரயில் தாமதம் என்றார்கள். வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. எனக்குக் காரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெரிய முதலாளி இறங்கி, படியேறி, எங்களைப் பார்த்தபடியே பிளாட்பாரத்தில் நடந்து வந்தார். தம்பி போன் போட்டு அனுப்பியிருக்கிறார். சூட்டக்கா எழுந்து நின்றார். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

முதலாளி வந்து எங்களுக்கு எதிரில் நின்றார். மூச்சு வாங்கியது. சூட்டக்காவைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். பிறகு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, அடிக்கவிட்டு, அணைத்துவிட்டார்.

“தண்ணி பாட்டில் வாங்கிட்டியாம்மா?”

“இருக்குதுங்க மாமா.”

தூரத்தில் சிக்னல் மாறியது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி கேட்டான்னா, நான் வர்றதுக்குள்ள வண்டி போயிருச்சும்மா” என்றார்.

“சரிங்க மாமா.”

அவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் ரயில் வரும் திசையைப் பார்த்தபடி காத்திருந்தோம்.